கண்ணாடித் தொட்டியுட் கடல்: பேணுதலின் அறம் பற்றி ஒரு சிந்தனை

உயிர்களைப் பேணுதல் நல்லறம் என்பதில் தமிழ் மரபில் இருவேறு கருத்து இல்லை. பசித்தவனுக்கு உணவளித்தலும், வாடிய பயிருக்கு நீர் வார்த்தலும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தலும் எவராலும் போற்றப்படுவன. இவை அனைத்திலும் உயிரின் தேவை முதலில் எழுகிறது. பேணுபவன் பின்னர் வருகிறான். இவ்வரிசை தலைகீழானால் யாது நிகழும்? தன் இடத்தில் எவருடைய தயவுமின்றி வாழ்ந்த ஓர் உயிரைப் பெயர்த்தெடுத்து, தன்னையன்றி அதற்கு வேறு கதியில்லை என்னும் நிலையில் வைத்து, அதன்பின் அதனை அன்போடு பேணுபவன் அறம் செய்தவன் ஆவானா? தேவையைத் தானே உண்டாக்கிவிட்டு அதனைத் தீர்ப்பவனைக் கொடையாளி என்று அழைக்கலாமா?

இவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டின் வழி நோக்குவது பயனுடையது. கொட்டகலையில் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டில் சிறிய கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்புகிறார் எனக் கொள்க. நூறு லீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. அதனுள் இரண்டு கோமாளி மீன்கள். பாறைத் துண்டுகளின் மேல் சில மென்முருகைகள். மென்முருகை என்பது முருகைக்கல்லின் உறவினம். ஆயினும் கல்லான எலும்புச் சட்டகத்தை ஆக்காதது. நீரோட்டத்தில் அசையும்போது செடி போலத் தோன்றினும் அது விலங்கே. ஒவ்வொரு சிற்றுயிரும் எட்டுக் கைகளை விரித்து இரை தேடும். அதன் இழையங்களுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளியைக்கொண்டு உணவாக்கி அதற்கும் பகிர்ந்தளிக்கும்.

கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேல் உயர்ந்த தேயிலை மலையூர். கொழும்புக் கடற்கரை புகையிரதப் பாதையில் நூறு மைல்களுக்கும் அப்பால் உள்ளது. ஆகவே கடலை இங்கே செய்துகொள்ள வேண்டும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கும்; நூறு லீற்றருக்கு மூன்றரைக் கிலோகிராம். சமையலறைக் கறியுப்பு இதற்கு உதவாது. மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியனவும் உரிய அளவிற் சேர்ந்த கலவை வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு எஞ்சி நிற்குமாதலால் குறைந்த அளவை நன்னீர்கொண்டே நிரப்ப வேண்டும். இவ்வுயிர்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை; கொட்டகலையின் இரவுகளோ 15 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. கொழும்பிலுள்ளவர் தம் தொட்டி சூடேறுவதை எண்ணிக் கவலைப்படுவார். மலையகத்தவர் அது குளிர்வதை எண்ணிக் கவலைப்படுவார். வெப்பமூட்டி, நீரை ஓடச்செய்யும் பம்பி, கடலின் பகலொளிக்கு ஈடான விளக்கு ஆகிய மூன்றும் மின்சாரத்தாலேயே இயங்குவன.

இவையனைத்தும் கிடைத்தபின்னும் மீனை உடனே விடலாகாது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சு. பற்றீரியாக்களுள் ஒருவகை அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இந்நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அக்காலத்தில் தொட்டி வெறுமையாகவே காட்சியளிக்கும். பொறுக்கமாட்டாது மீனை வாங்கிவந்து விடுபவரும், விட்டபின் அன்பு மிகுதியால் இரையை அள்ளிப் போடுபவரும் அம்மீனின் சாவுக்குக் காரணராகின்றனர்.

இங்கே பேகனின் கதை நினைவுக்கு வரும். மழைக்கால மயில் குளிரால் நடுங்குகிறதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் அவன். மயிலுக்குப் போர்வை வேண்டாம் என்பதை அவன் அறியவில்லை. அவ்வறியாமையைக் கொடைமடம் எனச் சான்றோர் கொண்டாடினர். அவ்வாறு கொண்டாட இயன்றதற்கு ஒரு காரணமுண்டு: அவனது பிழையால் மயிலுக்கு யாதொரு கேடும் நேரவில்லை. போர்வையை உதறிவிட்டு அது தன் காட்டுக்குள் சென்றிருக்கும். தொட்டியிலுள்ள உயிருக்கு உதறிச் செல்ல இடமில்லை. பேணுபவனின் அறியாமை அதற்கு நஞ்சாகவே முடியும். எனவே, சுதந்திரமான உயிரின்பால் அன்பு மட்டுமே போதியதாக இருக்கலாம். தன்னையே சார்ந்துள்ள உயிரின்பால் அறிவும் கடமையாகிறது.

இதற்கு மறுப்பாக, மீனும் முருகையும் அறிவிற் குறைந்த உயிர்கள். அவை எங்கிருந்தால் என்ன என்று ஒருவர் கூறலாம். ஓர் உயிர் சிந்திக்குமா, பேசுமா என்பதைவிட அது துன்புறுமா என்பதே முதன்மையான வினா என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில மெய்யியலாளர் பெந்தாம் வாதிட்டார். மீனைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஒருவாறு விடை கிடைத்துள்ளது. நுவரெலியா ஓடைகளிலும் ஆங்கிலேயராற் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் திரவுற்று மீனின் முகத்தில் ஊறுணர் நரம்புகள் உள்ளன என்பதையும், ஊறு நேர்ந்தபோது அதன் நடத்தை மாறுகிறது என்பதையும் லின் சினெடன் முதலிய ஆய்வாளர் 2003இல் வெளிப்படுத்தினர். மென்முருகைக்கோ மூளையே இல்லை. நரம்பு வலை மட்டுமே உண்டு. துன்பம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், மீனுக்குக் கடன்பட்டவர் முருகைக்குக் கடன்படாதவர் என்றாகிவிடும்.

தமிழ் மரபு இவ்விடத்தில் வேறொரு வழி காட்டுகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவின, நத்தை முதலியன ஈரறிவின. ஆனால் அவ்வரிசையிற் கீழுள்ளவை மேலுள்ளவற்றின் உடைமை என அது கூறவில்லை. அதே மரபில் வந்த பறம்பு மலைத் தலைவன் பாரி தன் தேரை ஈந்தது ஓரறிவுடைய முல்லைக் கொடிக்கேயாகும். அவன் செய்ததை நுணுகி நோக்க வேண்டும். அக்கொடி அழகியது என்பதற்காக அவன் அதனை வேரோடு பெயர்த்து அரண்மனை முற்றத்தில் நடவில்லை. அது நின்ற இடத்திலேயே அதற்கு வேண்டியதை நல்கிவிட்டுத் தான் நடந்து போனான். இடம் மாறியது தேர், கொடியன்று. உயிரின்பால் அன்பு என்பதற்கும் உயிரின்மேல் ஆசை என்பதற்கும் உள்ள வேறுபாடு இச்செயலில் விளங்குகிறது.

ஆசை, அன்பின் பெயராற் செய்யக்கூடிய கேட்டுக்கு வரலாற்றிலும் சான்றுண்டு. இங்கிலாந்தில் கடல்நீர்த் தொட்டியைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கொஸ். 1854இல் அவர் வெளியிட்ட நூல் வீடுதோறும் தொட்டி வைக்கும் வேட்கையைத் தூண்டியது. அவர் கடலுயிர்களை உண்மையாகவே நேசித்தவர். ஆயினும் அந்நூல்களைப் படித்தோர் கூட்டங் கூட்டமாகச் சென்று கரையோரப் பாறைக் குட்டைகளை வெறுமையாக்கினர். அவருடைய மகன் எட்மண்ட் கொஸ், 1907இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில், தந்தையின் எழுத்தே அக்கரையின் எழில் அழியக் காரணமாயிற்று என்பதை வேதனையோடு பதிவு செய்துள்ளார்.

இலங்கைக்கும் இது அயலான செய்தியன்று. அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அம்மீன்களுள் நன்னீரைச் சார்ந்தவை பெரும்பாலும் பண்ணைகளில் வளர்க்கப்படுவன. கடலைச் சார்ந்தவை பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கப்படுவன. பிலிப்பீன்சில் 1960களிலிருந்து சயனைட்டு நஞ்சைப் பாறை இடுக்குகளிற் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவிற்று. அந்நஞ்சு மீனோடு முருகையையும் அழித்தது. இலங்கையின் முருகைப் பார்களோ 1998இல் கடல்நீர் வெப்பமேறியபோது வெளிறிப் பெருமளவு மடிந்தன. அவ்வாறு நலிந்த இடத்திலிருந்து ஒன்றைப் பெயர்த்தெடுத்தல், செழித்த இடத்திலிருந்து எடுத்தலினும் கொடிது.

இதன் மறுபக்கமும் கூறப்பட வேண்டும். அறிவு தொட்டியிலிருந்தும் பிறந்துள்ளது. 1830களில் சிசிலித் தீவில் ஜான் வில்ப்ரோ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி தாம் அமைத்த தொட்டிகளில் ஆர்கனோட் என்னும் எண்காலி இனத்தை வளர்த்து, அது தன் ஓட்டைப் பிறிதோர் உயிரிடமிருந்து கவராமல் தானே ஆக்கிக்கொள்கிறது என நிறுவினார். கொட்டகலையில் கடலைக் காணாத சிறுவன் ஒருவன் அத்தொட்டியின் முன் நின்று, கல்லெனத் தோன்றியது உயிரென அறிந்து வியப்பானாயின், அவ்வியப்புக்கும் ஒரு விலையுண்டு. காணாத ஒன்றைக் காக்க எவரும் முன்வருவதில்லை. மேலும் கோமாளி மீன் இன்று பண்ணைகளிற் பிறந்து வளர்கிறது. மென்முருகையும் வெட்டிய துண்டிலிருந்து தழைக்க வல்லது. அத்தகையவற்றையே பெறும்போது கடலுக்கு இழப்பில்லை. ஆகவே தொட்டி வைத்தல் எவ்வகையாலும் தகாது என்று முடிவுகட்டுவதற்கில்லை.

ஆயினும் பண்ணையிற் பிறந்த மீனுக்கும் சார்பு நிலை சார்பு நிலையே. 2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. கொட்டகலைக்கு அண்மையிலுள்ள தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 முதல் இயங்கி வருகிறது. அணை அருகிருந்தும் இருள் அவ்வூர்களை விட்டுவைக்கவில்லை. அத்தகைய நாளிற் பம்பி நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும். வெப்பமூட்டி அணைந்தால் மலைக் குளிர் கண்ணாடியை ஊடுருவும். அன்றைய இரவில் ஆசிரியர் உறங்காது விழித்திருந்து, நீரைக் கையாற் கலக்கி, சுடுநீர் நிறைத்த போத்தல்களை மிதக்கவிட்டுக் காப்பாற்றினார் எனினும், அதனை அருஞ்செயல் எனப் போற்றலாகாது. அவ்வாபத்து அவரால் வந்தது. கடலில் அவ்விரவு எந்த மீனும் மின்சாரத்தை எதிர்நோக்கி இருக்கவில்லை.

சலித்துப் போனாற் கடலிற் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பதும் தீர்வாகாது. இந்து, பசுபிக் கடல்களுக்குரிய சிங்க மீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையிற் காணப்பட்டது. தொட்டி வைத்திருந்தோர் விட்டதால் வந்தது எனக் கருதப்படும் அம்மீன், பின்னர் கரிபியன் கடலெங்கும் பரவி அங்குள்ள சிறு மீன்களை அழித்து வருகிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழியும் அடைபட்டுவிடுகிறது. எனவே தொட்டி வைத்திருப்பவர் கொடையாளி அல்லர், கடனாளி. அவர் நாள்தோறும் இடும் இரை ஈகையன்று, வட்டி. முதல் ஒருபோதும் தீர்வதில்லை.

கொட்டகலை போன்ற ஓர் ஊரில் இச்சிந்தனை தொட்டியோடு நின்றுவிடாது. மனிதரை மீனோடு ஒப்பிடுதல் தகாது. ஆனால் பேணுகிறேன் என்பவனின் கூற்றை ஒப்பிடலாம். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். அரிசி தந்தோம், லயத்திற் குடியிருப்புத் தந்தோம், மருந்து தந்தோம் என்று தோட்ட நிருவாகம் பேசிய மொழி, தேவையை உண்டாக்கியவன் தன்னைக் கொடையாளியாகக் காட்டும் அதே மொழியாகும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கேளாமலே கணக்கிட்டது. பேணப்படுபவர் என்று கருதப்பட்டவரின் விருப்பம் அவ்வேட்டில் எங்கும் இடம்பெறவில்லை.

எனினும் தொட்டி உயிர்க்கும் இம்மக்களுக்கும் உள்ள வேறுபாடே முடிவானது. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறொரு நிலத்திற் காணப்படின் அவற்றை வந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்ளலாம் என்பது தொல்காப்பியர் கருத்து. வேரூன்றியது அவ்விடத்துக்கு உரியதாகிறது. மலையக மக்கள் இம்மண்ணில் வேரூன்றினர், தம் குரலாற் பேசினர், சங்கங்கள் அமைத்தனர், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோரும் பிரசாவுரிமை பெற வழி பிறந்தது. மென்முருகையோ எத்தனை ஆண்டு தழைத்திருப்பினும் கொட்டகலைக்கு உரியதாகாது. அது பேசாது, சங்கம் அமைக்காது, தனக்கு ஒவ்வாததை வாடிச் சுருங்கியே தெரிவிக்கும். ஆகவே அதற்காகப் பேசவும் பேணுபவரே கடமைப்பட்டவர். பிறர் தமக்காக முடிவுசெய்ததன் கசப்பை அறிந்த ஒரு சமூகத்துக்கு இக்கடமை எளிதிற் புரியக்கூடியது.

அவ்வாசிரியர் தொட்டியை அமைக்கலாமா என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். கடலிலிருந்து கவராது, வளர்க்கப்பட்டதையே பெறுவாராயின். உயிரை வாங்குமுன் அறிவைத் தேடி, வெறுந் தொட்டியின் முன் ஆறு வாரம் பொறுத்திருப்பாராயின். மின்சாரம் நின்ற நாளுக்கும், தாம் ஊரில் இல்லாத நாளுக்கும் முன்னதாகவே வழிசெய்வாராயின் அமைக்கலாம். இம்மூன்றும் இயலாதெனின் பாரியின் வழி இருக்கிறது. கொட்டகலையின் ஓடைகள் கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியாகி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றன. தோட்டத்து இரசாயனமும் கடைத்தெருவின் குப்பையும் அவ்வோடையிற் சேராமற் காப்பவர், தாம் ஒருபோதும் காணாத மீன்களுக்கு அவை வாழும் இடத்திலேயே உதவியவர் ஆவார். அவற்றை அவர் தம்முடையன என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவையும் அவரை அறியா.