சொல்லாமல் விற்பது

1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குள் ஒரு குதிரை நிற்கிறது. மோசடி என்றால் என்ன என்று வரையறுக்கும் 17-வது பிரிவின் கீழே, உதாரணம் என்ற பெயரில் சின்னச் சின்னக் கதைகளாக அது வருகிறது. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரியும். வாங்குபவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். சும்மா இருந்தது குற்றமாகாது.

அடுத்த கதையிலும் அதே குதிரைதான். ஆனால் இப்போது வாங்குவது விற்பவரின் மகள். சமீபத்தில்தான் சட்டப்படி மேஜர் ஆனவள். இங்கே மட்டும் குதிரையின் நிலையைச் சொல்லவேண்டிய கடமை அப்பனுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது கதையில் வாங்குபவர் விவரமானவர். நீங்கள் மறுத்துப் பேசாவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். விற்பவர் வாய்மூடி நிற்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

ஒரே குதிரை, ஒரே நோய், ஒரே மௌனம். முதல் முறை குற்றமில்லை, அடுத்த இரண்டு முறையும் அப்படி இல்லை. கணினி எழுதிப் பிழைக்கும் நான் சட்டப் பிரிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஒரு கியர்பாக்ஸ்.

என்னுடையது 2011 மாடல் சிறிய கார். ஆட்டோமேட்டிக், நான்கே கியர். 2014-ல் மாருதி செலேரியோ மூலம் ஏ.எம்.டி. நம் ஊரில் பரவுவதற்கு முந்தைய காலத்து வண்டி. உள்ளே இருப்பது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய பாணி கியர்பாக்ஸ். பார்க்க இன்னும் லட்சணமாகத்தான் இருக்கிறது. காலையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். ஓ.எம்.ஆர். நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகுதான் சுயரூபம் தெரியும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே கத்தும், பிறகு ஒரு உதறலோடு கியர் பிடிக்கும். சில நாட்கள் ரிவர்ஸிலிருந்து டி-க்குத் தள்ளினால் இரண்டு நொடி எதுவுமே நடக்காது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்து, வண்டி மூன்றாவது கியரிலேயே பூட்டிக்கொள்ளும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

இதன் இயக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் அறக் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது.

மேனுவல் வண்டியில் தேய்மானம் நம் காலோடு பேசும். கிளட்ச் தேயத் தேய, பெடல் மேலே வந்துதான் பிடிக்கும். மேட்டில் ஏறும்போது கருகல் வாடை வரும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கத் தெரிந்த யாரும், "கிளட்ச் போயிடுச்சு, விலையைக் கொறைங்க" என்று சொல்லிவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காலுக்கு வேலை இல்லை. உள்ளே எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகளை எண்ணெய் அழுத்தம்தான் சேர்த்துப் பிடிக்கிறது. எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு சின்னக் கணினி, சொலினாய்டுகளைக் கொண்டு தீர்மானிக்கிறது. உள்ளே வரும் வேகம், வெளியே போகும் வேகம் இரண்டையும் சென்ஸார்கள் அளக்கின்றன. கியர் மாற எவ்வளவு நேரம் ஆனது என்று அந்தக் கணினிக்குத் தெரியும். வழக்கத்தைவிட அதிகமானால், தட்டுகள் வழுக்குகின்றன என்று புரிந்துகொண்டு அடுத்த முறை அழுத்தத்தைச் சற்றுக் கூட்டும். இன்னும் தேய்ந்தால் இன்னும் கூட்டும்.

வருடக்கணக்காக இப்படியே நடக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. தேய்மானம் நடந்துகொண்டே இருக்கும், அதன் அடையாளம் மட்டும் வெளியே வராது. சர்வர்களோடு வேலை செய்பவர்களுக்கு இது பழகிய கதை. தோற்றுப்போகும் ஒவ்வொரு அழைப்பையும் சத்தமில்லாமல் மறுபடி மறுபடி முயலும் நிரல் ஒன்று நடுவில் இருக்கும். திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும். ஒருநாள் நடுராத்திரி மொத்தமாக விழும். என் வண்டியின் கணினியும் கூட்டவேண்டிய அழுத்தத்தையெல்லாம் கூட்டி முடித்து, இனி முடியாது என்ற எல்லைக்கு வந்திருக்கிறது. அதுவும் சூடான பிறகு மட்டும். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும், கெட்டிப்பட்டுப்போன சீல்கள் வழியே கசியும், அழுத்தம் குறையும்.

வண்டியை விற்கலாம் என்று முடிவானதும், பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் போனேன். பிரித்து வேலை பார்க்க 75,000 ரூபாய் சொன்னார். வண்டிக்கே இரண்டு லட்சம் கிடைத்தால் பெரிது. பிறகு அவரே வழியும் சொன்னார்.

"ஆயில் மாத்தி, எரர் கோடை அழிச்சு விட்டுடறேன் சார். கஸ்டமர காலைல ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. வண்டி சூடாறதுக்குள்ள ஒரு ரவுண்டு காமிச்சு அனுப்பிடுங்க."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. என்னிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை. நான் தயங்கியதைப் பார்த்து அவர் சொன்ன வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. "பழைய வண்டின்னாலே பழைய வண்டிதான சார்? அது வெலையிலயே இருக்கு. அவனும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டும். நீங்க பொய் சொல்ல வேணாம். கேக்காததைச் சொல்லவும் வேணாம்."

கிட்டத்தட்ட இதே வாதத்தை 2,000 வருடங்களுக்கு முன்பே சிசரோ பதிவு செய்திருக்கிறார். கி.மு. 44-ல் ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக அவர் எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. மரம் உளுத்துப்போய், அறைகளில் விஷ ஜந்துக்கள் நடமாடும் வீடு. உடைமையாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் விற்கலாமா? ஸ்டோயிக் தத்துவவாதி பாபிலோனின் டயோஜெனெஸ், விற்கலாம் என்ற பக்கம். வாங்கச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லையே என்பது அவர் கட்சி. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் எதிர்ப்பக்கம். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம் என்கிறார், ஏனென்றால் இங்கே தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் விடுகிறோம். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். வெறுமனே பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பு ஆகாது, அவர் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்றை அவர் அறியாமல் இருக்கவேண்டும் என்று உன் லாபத்துக்காக நீ விரும்பினால், அதுதான் மறைப்பு என்று பிரித்துக் காட்டுகிறார்.

மெக்கானிக்கின் ஆறு மணி யோசனையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. வாங்குபவர் அறியாமல் இருக்கவேண்டும் என்பது. வாய் சும்மா இருக்கிறது, கடிகாரம் வேலை செய்கிறது. அதை மௌனம் என்று சொல்ல முடியாது.

சரி, ஆறு மணி தந்திரம் வேண்டாம். எந்த நேரம் வந்தாலும் காட்டுகிறேன், ஆனால் நானாக எதுவும் சொல்லமாட்டேன். இது போதாதா?

போதும் என்றுதான் பழைய சட்ட மரபு சொல்கிறது. வாங்குபவரே, உஷாராக இரு. 1930-ன் பொருள் விற்பனைச் சட்டமும் பொது விதியாக, தரத்துக்கு எந்த உத்தரவாதமும் தானாக வராது என்றே தொடங்குகிறது. ஆனால் அதே 16-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு. அந்த வகைப் பொருளை வியாபாரமாகவே விற்பவரிடம், விவரத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினால், பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு மட்டும் அது பொருந்தாது. அதாவது கண்ணுக்குத் தெரியும் குறை, தெரியாத குறை என்ற பாகுபாடு சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. வியாபாரியோடு அதை நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

என் வாதம் இந்தப் பாகுபாட்டில்தான் நிற்கிறது. உஷாராக இரு என்று ஒருவரிடம் சொல்வதற்கு, உஷாராக இருப்பது அவரால் முடியவேண்டும். பம்பர் கீறல், டயர் தேய்மானம், கிழிந்த சீட், இவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கும் கண் இருக்கிறது. ஆனால் இந்தக் கியர்பாக்ஸின் நிலை பதினைந்து நிமிட ஓட்டத்தில் தெரியாது. கோடை அழித்துவிட்டால், அவர் கொண்டுவரும் ஸ்கேனருக்கும் உடனே பிடிபடாது. அது தெரிய அந்த வண்டியோடு மாதக்கணக்கில் வாழவேண்டும். அப்படி வாழ்ந்தவன் நான் ஒருவன்தான். கண்ணால் பார்த்து அறிய முடியாத இடத்தில் வாய்தான் கண்ணுக்குப் பதில். அங்கே சொல்லாமல் இருப்பது அவர் கண்ணைக் கட்டிவிட்டு, நல்லா பாத்துக்கோங்க என்று சொல்வதற்குச் சமம்.

விலையிலேயே அது இருக்கிறது என்ற வாதம் என்னாயிற்று? 1970-ல் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் மறுத்த பிறகு வெளிவந்த அந்தக் கட்டுரை 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. விஷயம் எளிது. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே எல்லா வண்டிக்கும் ஒரு சராசரி சந்தேக விலைதான் தருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விற்காமல் விலகுவார். சந்தையில் மோசமானவை மிஞ்சும், விலை இன்னும் இறங்கும்.

மெக்கானிக் சொன்னது உண்மைதான், விலையில் சந்தேகம் கலந்திருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கான பணத்தைக் கொடுப்பது யார்? நன்றாகப் பராமரித்த வண்டியை, பத்தாயிரமும் இருபதாயிரமும் குறைத்து விற்கும் முகம் தெரியாத ஒருவர். நான் வாய் திறக்காததால் இரண்டு பேருக்கு நட்டம். ஒருவர் என் வண்டியை வாங்குகிறார். மற்றவரை நான் சந்திக்கவே போவதில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு நடுவழி உண்டு. "பழைய வண்டிதான், சின்னச் சின்ன வேலை இருக்கும்." எனக்கு இந்த வாக்கியத்தின் மேல்தான் அதிக பயம். இதில் பொய்யே இல்லை. சொன்ன திருப்தியும் கிடைக்கும், பிரச்சினை வந்தால், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று தப்பிக்கவும் முடியும். கேட்பவர் மனதில் வைப்பர் பிளேடும் பல்பும்தான் வரும், 75,000 ரூபாய் வராது. உண்மையைத் திரையாகத் தொங்கவிடும் பேச்சு இது.

அப்படியானால் எவ்வளவு சொல்வது? எனக்கே காரணம் முழுதாகத் தெரியாது. சில ஆயிரத்தில் முடியும் சொலினாய்டாக இருக்கலாம், மொத்தமாகத் தேய்ந்த தட்டுகளாகவும் இருக்கலாம். நோயை என்னால் சொல்ல முடியாது, சொல்லவேண்டியதும் இல்லை. எனக்குத் தெரிந்தது அறிகுறி. எப்போது வருகிறது, எத்தனை தடவை, அப்போது எவ்வளவு வேகம், மெக்கானிக் கேட்ட தொகை என்ன. அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதோடு என் கடமை முடிகிறது. மேற்கொண்டு என்ன ரிஸ்க் எடுப்பது என்பது அவர் உரிமை. சொல்லாமல் விட்டால் அந்த ரிஸ்க்கை நான் அவருக்காக எடுத்துவிடுகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் யூ-டர்ன் அடிக்கும்போது, பின்னால் லாரி வர, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் நகராத அந்த இரண்டு நொடி அவருடையது. அதற்கான பணம் மட்டும் என்னுடையது.

முதலில் வந்தது மதுராந்தகம் பக்கத்து இளைஞர். அம்மாவுக்கு மூட்டு வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால் ஆட்டோமேட்டிக் தேடுகிறார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, நம்பி எடுக்கலாம்ல?"

அந்த ஒரு வரியில் சட்டத்தின் இரண்டு கதைகளும் இருந்தன. கடைசி 'ல', மறுக்காவிட்டால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வேன் என்கிறது. மூன்றாவது குதிரை அதுதான். 'அண்ணா' என்பது இரண்டாவது குதிரை. பஸ் கண்டக்டரையும் நாம் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம், அதில் பெரிய உறவு எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பேரம் பேச வந்த அந்நியரை உறவுப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம், இந்தப் பேச்சு ஏலக்களத்தில் நடக்கவில்லை என்ற ஒரு கோரிக்கையாவது வைக்கிறது. அந்நியனிடம் அப்பனாக நடந்துகொள் என்று சட்டத்தால் உத்தரவு போட முடியாது. மகளிடம் மட்டும் ஏன் சொல்லவேண்டியிருக்கிறது, அவளுடைய நம்பிக்கைக்கும் இவனுடைய நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியை நமக்கு விட்டுவைத்திருக்கிறது.

அவரைச் சாயந்திரம் நெரிசல் நேரத்தில் வரச் சொன்னேன். ஒரு மணி நேரம் அவரே ஓட்டினார். உதறல் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனவர் பிறகு கூப்பிடவில்லை. அவர் செய்தது சரி. நேர்மைக்குப் பரிசு வரும் என்று நான் எழுதப்போவதில்லை. அகெர்லோஃபின் கணக்குப்படி வரவேண்டிய அவசியமும் இல்லை.

இனி வரும் வண்டிகளில் இந்தச் சிக்கல் கூடத்தான் போகிறது. மின்சாரக் காரின் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று டயரை உதைத்துப் பார்த்தும் தெரியாது, பானெட்டைத் திறந்து பார்த்தும் தெரியாது. பொருட்கள் தங்கள் குறைகளைத் தாமே சமாளித்து மறைக்கக் கற்றுக்கொள்ளும்தோறும், வாங்குபவரின் உஷார் செல்லுபடியாகும் இடம் சுருங்குகிறது. விற்பவர் பேசியே ஆகவேண்டிய இடம் அந்த அளவுக்கு விரிகிறது.

விளம்பரத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். சூடான பிறகு 2-லிருந்து 3-க்கு மாறும்போது உதறல், ரிவர்ஸிலிருந்து டி-க்கு சில நாட்கள் தாமதம், மாதம் ஒன்றிரண்டு முறை மூன்றாவது கியரில் பூட்டல், மெக்கானிக் சொன்ன செலவு 75,000, பார்க்க வருபவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வரவும். அழைப்புகள் குறைந்துவிட்டன. கூப்பிடுபவர்கள் விலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அதைப் பற்றிப் பேசலாம்.