எழுபதிலும் ஓடவேண்டிய பிள்ளை

முல்லைத்தீவு, முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைக் கடந்தபின், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியில் 2 தங்கப் பதக்கங்கள் வென்றார். விளையாட்டுக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் உண்டு. பத்து வயதுப் பிள்ளை கையில் ஹொக்கி மட்டையை எடுத்தவுடனேயே வெற்றிக் கிண்ணத்தைக் கேட்டால், அந்த ஆயுளை நாமே குறுக்கிவிடுகிறோம்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசியாக வந்த பிள்ளையிடம், "ஏன் தோத்தனீ?" என்று கேளாதீர்கள். "விளையாட ஆசையா இருந்ததா?" என்று கேளுங்கள். பயிற்றுவிப்பாளர்களே, வெளியே காத்திருக்கும் பிள்ளையையும் களத்தில் இறக்குங்கள். பிழைவிடப் பயப்படாத பிள்ளைதான் புதிதாக முயன்று பார்க்கும். நாளைக்கும் மைதானத்துக்கு வரத் துடிக்கும் பிள்ளையே இன்றைய பயிற்சியின் வெற்றி.