தூதும் ஒற்றும்

வாகரையிலிருந்து பட்டப்படிப்பை நாடிப் புறப்படும் மாணாக்கருக்கு நெடுஞ்சாலை இரு திசைகளைக் காட்டுகிறது. தெற்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். வெருகலைக் கடந்து வடக்கே சென்றால் அதன் திருகோணமலை வளாகம். அவ்வளாகத்தில் தொடர்பாடலுக்கும் வணிகக் கற்கைக்குமென ஒரு பீடமே உண்டு. தொடர்பாடல் கற்பவர் ‘பொதுமக்கள் தொடர்பு’ என்னும் துறையைச் சந்திக்காமல் இருத்தல் அரிது. உலகின் பல பல்கலைக்கழகங்களில் அது தனிச்சிறப்புப் பாடமாகவும் விளங்குகின்றது.

இதைப் பட்டப்படிப்பாகக் கற்பது நேர்மையான செயலா என்பதே நம் கேள்வி. வலை இழுத்துப் பிழைக்கும் குடும்பத்தின் பிள்ளை, வங்கியிலோ கம்பனியிலோ வேலை தரக்கூடிய கல்வியைத் தேடுவதை நாம் பழிக்க வரவில்லை. மாதச் சம்பளம் பெறுவோர் வறியவருக்கு இலட்சியம் போதிப்பது மிக எளிது. ஆயினும், தான் விற்கப்போவது உழைப்பையா, அன்றி நாவையா என்று கேட்டுக்கொள்ளும் உரிமை வறியவருக்கும் உண்டன்றோ?

இத்துறையின் பிறப்பு வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அமெரிக்கரான ஐவி லீ 1906இல் தமது தொழிற் கொள்கைகளை வெளியிட்டார். எதையும் மறைக்காது, பிழையற்ற செய்தியைத் தருவோம் என்பது அவற்றின் சாரம். எட்டே ஆண்டுகள் கழிந்தன. 1914 ஏப்பிரல் 20ஆம் நாள், கொலறாடோ மாநிலத்தின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரியூட்டப்பட்டது. கூடாரத்தின் கீழிருந்த குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மாண்டனர். சுரங்க முதலாளியான ரொக்பெல்லர் குடும்பத்தின் சார்பில் உலகுக்குச் செய்தி எழுத அமர்த்தப்பட்டவர் அதே ஐவி லீதான். தாம் பரப்பிய விவரங்களைத் தாமாகச் சரிபார்க்கவில்லை என்பதை அவர் பின்னர் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இத்துறையைப் பல்கலைக்கழகத்துள் கொண்டுவந்தவர்களுள் முதல்வர் எட்வேர்ட் பேர்னேஸ். 1923இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் அவர் இப்பாடத்தைக் கற்பித்தார். 1929இல், அந்நகரின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிலர் ‘விடுதலைத் தீப்பந்தங்கள்’ என்று கூறிச் சிகரெட்டுப் பற்றவைத்தனர். பெண் விடுதலையின் குரலாக அது செய்தியாயிற்று. அதன் பின்னே நின்றதோ புகையிலைக் கம்பனியின் பணமும் பேர்னேசின் திட்டமும். விடுதலை வேட்கை உண்மையானது. அதை வாடகைக்கு எடுத்தவரின் முகந்தான் மறைக்கப்பட்டது.

வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இருவரும் அரசனுக்காக உழைப்பவரே. ஆயின் தூதன், தான் யாருடைய ஆள் என்று அறிவித்து அவையில் நிற்கிறான். தன் உயிருக்கு ஊறு வரினும் சொல்ல வந்ததைச் சொல்கிறான். ஒற்றனோ துறவியின் வேடமும் பூணுவான். பொதுமக்கள் தொடர்பு கற்றவரிடம் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: நீர் தூதரா, ஒற்றரா? அனுப்பியவரின் பெயரைச் சொல்லாத சொல், தன்னளவில் மெய்யாயினும், கேட்பவரை ஏமாற்றுவதேயாகும்.

“சட்டத்தரணியும் ஒரு பக்கத்துக்காகத்தானே பேசுகிறார்?” என்று கேட்பர். உண்மையே. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கும் சட்டத்தரணி உண்டு. இரண்டையும் கேட்க நீதிபதியும் உண்டு. கிராமத்து மரத்தடியில் இவ்விரண்டும் இல்லை.

அந்த இல்லாமையின் விலையை வாகரை அறியும். 2006 நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலைமீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புலிகளின் தாக்குதலுக்குப் பதிலடி கொடுத்ததாகவும், புலிகள் மக்களைக் கேடயமாக்கியதாகவும் படைத்தரப்புக் கூறிற்று. அம்முகாமில் இராணுவ நிலை எதையும் காணவில்லை என்றனர் போர்நிறுத்தக் கண்காணிப்பாளர். மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்தனர் என்ற சாட்சியங்களும் பதிவாகின. போரிட்ட இரு தரப்புக்கும் அறிக்கை எழுதுவோர் இருந்தனர். பாடசாலையில் உறங்கியவர்களுக்கு ஒருவரும் இல்லை.

போர் ஓய்ந்தது, நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. வாகரைக் கரையோரத்தில் இல்மனைற் மணல் அகழும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் மக்கள் எதிர்த்தனர். இத்தகைய திட்டம் எந்த ஊருக்கு வந்தாலும் ‘அபிவிருத்தி’, ‘வேலைவாய்ப்பு’ என்னும் சொற்கள் அழகிய தாளில் அச்சாகி முன்னே வரும். கிணற்று நீர் உவர்க்குமா, கரைவலை இழுக்கக் கரை எஞ்சுமா என்ற கேள்விகளை அச்சிட்டுத் தருவார் யார்?

ஆகவே இக்கல்வியை ஒதுக்குவது தீர்வாகாது. ஒதுக்கினால் அக்கலை பணமுள்ளவரிடமே தங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் இருத்தல் வேண்டும். கேட்பவர் காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமை. ஆயினும் எதைக் கேட்பது, கிடைத்த விடையை எவ்வாறு படிப்பது என்று ஊரவரோடு அமர்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். பொதுமக்கள் தொடர்பு என்ற பெயருக்கு முழுத் தகுதியுள்ள வேலை அதுவே. அதற்குச் சம்பளம் தரும் நிறுவனங்கள் குறைவு என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேர்னேசின் வெற்றிகளைக் கற்பிக்கும் வகுப்பில் லட்லோவின் குழியையும் கதிரவெளியின் பாடசாலையையும் கற்பியுங்கள். மாணாக்கர் எழுதும் ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும், இதற்குப் பணம் தருபவர் யார், இதற்கு மறுமொழி கூற இயலாதவர் யார் என்று இரு வரிகள் எழுதச் செய்யுங்கள்.

வாகரைப் பிள்ளை நாளை கம்பனியின் மேசையில் அமரவும் கூடும். அமரட்டும். தன் ஊரார் முன் வரும் நாளில், யார் அனுப்பி வந்தேன் என்று வாய்திறந்து சொல்லட்டும். சொல்லக் கூசுமாயின், அந்த வேலையை மறுக்க வேண்டிய நாள் அதுவே.