தெரியாமல் தூக்கிய எடை

மனோதிடத்தையே மூலதனமாக வைத்து எழுதப்படும் புத்தகங்களில் தவறாமல் வரும் கதை ஒன்று. ரஷ்யப் பளுதூக்கும் வீரர் வாஸிலி அலெக்ஸேயெவ் 500 பவுண்டுக்குப் பக்கத்தில் வந்து வந்து நின்றுவிடுகிறார். பயிற்சியாளர் 499 என்று சொல்லி 501 1/2 பவுண்டை ஏற்றி வைக்கிறார். அவர் தூக்கிவிடுகிறார். பிறகுதான் உண்மை சொல்லப்படுகிறது. சுவர் மனத்தில்தான் இருந்தது என்பது பாடம்.

கதை நம்பத் தகுந்ததல்ல. 1970 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், ‘கிளீன் அண்டு ஜெர்க்’ முறையில், அவர் தூக்கியது 227.5 கிலோ. போட்டி மேடையில் அடுத்த எடையை வீரனின் தரப்புதான் கேட்டு வாங்க வேண்டும். அது எல்லோர் காதிலும் விழ அறிவிக்கப்படுகிறது. தவிர, அலெக்ஸேயெவ் பயிற்சியாளரை ஒதுக்கிவிட்டுத் தன் பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டவர். பொய் சொல்ல ஆள் வேண்டுமே!

கிலோவில் எண்ணுகிறவனுக்கு 500 பவுண்டு என்பது வெறும் 226.8. அதில் மிரள ஒன்றுமில்லை. அவன் மிரளக்கூடிய எண் 600: அன்றிருந்த மூன்று முறைகளின் கூட்டுத்தொகை. அதை அலெக்ஸேயெவ் அதே ஆண்டு மார்ச்சில் மின்ஸ்க் நகரில், முதல் மனிதராக, தெரிந்தேதான் எட்டினார். (பழைய சென்னை வணிகக் கணக்கில் மணங்கு 25 பவுண்டு, 20 மணங்கு ஒரு கண்டி. நம் மண்டிக்காரர் யாராவது மேடையேறியிருந்தால், பாவம், அவருக்கும் சுவர் சரியாக அதே இடத்தில்தான்.) மனத்தடை என்று நாம் சொல்வதில் பாதி, எண்ணுகிற பாஷையில் இருக்கிறது.

கதை பொய் என்றாலும் கேள்வி போய்விடுவதில்லை. நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். 500 பவுண்டைத் தூக்கியது யார்?

ஈடிபஸ் மூன்று பாதைகள் கூடும் இடத்தில் ஒரு கிழவனைக் கொன்றான். கொல்லப்பட்டவன் அவன் தகப்பன் என்பது உண்மை. தகப்பனைக் கொல்வது அவன் செய்த காரியமா என்பது வேறு விஷயம். ஒரு செயல் ஒரு வர்ணனையின் கீழ் உத்தேசிக்கப்பட்டதாகவும் இன்னொரு வர்ணனையின் கீழ் அப்படி இல்லாததாகவும் இருக்கும் என்று எலிஸபெத் ஆன்ஸ்கோம் 1957இல் வெளியான ‘இன்டென்ஷன்’ நூலில் விளக்குகிறார். கதையின் அலெக்ஸேயெவ் 499ஐத் தூக்கினார். மிச்ச 2 1/2 பவுண்டைத் தூக்கியது அவருடைய தசை, அவர் அல்ல. பயத்தை வென்றார் என்று சொல்வதற்கு அங்கே பயமே இருக்கவில்லை. எதிரியை வேறு வாசல் வழியாக அனுப்பிவிட்டு வெற்றி முரசு கொட்டுவதில் என்ன இருக்கிறது?

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. மனம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று இந்தக் கதை சௌகரியமாகப் பிரித்துவிடுகிறது. கிளீன் என்ற அசைவைப் பாருங்கள். பாரை மார்பு உயரத்துக்கு இழுப்பதல்ல அது. இழுப்பு ஓரளவு உயரம் வந்ததும், பார் கீழே விழத் தொடங்குமுன், தூக்குகிறவன் தன் உடம்பைச் சரேலென்று பாருக்கு அடியில் இறக்கிக்கொள்ள வேண்டும். விழப்போகிற எடைக்குக் கீழே தானாகப் போய் உட்காருகிற காரியம். அந்த ஒரு கணத்தில் தயங்கினால் தூக்கு போயிற்று. இந்தத் தயக்கம் மனத்திலா, முழங்காலிலா? பிரிக்க முடியாது. மேலும் அந்தத் தயக்கம் மூடத்தனமும் அல்ல. 227 கிலோ முதுகெலும்பை என்ன செய்யும் என்று உடம்புக்குத் தெரியும். பயம் அந்த அறிவின் ஒரு ரூபம்.

அப்படியானால், எடையை மறைக்கிற பயிற்சியாளர் நீக்குவது தடையை மட்டுமல்ல. இன்ன எடைக்கு அடியில் இறங்கச் சம்மதிக்கிறேன் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். குழந்தைக்குத் தேன் என்று சொல்லி மருந்து புகட்டுவதில்லையா என்று கேட்கலாம். புகட்டுகிறோம், குழந்தைக்கு. இருபத்தெட்டு வயது மனிதனைக் குழந்தையாக்கிப் பெற்ற சாதனை யாருடைய கணக்கில் சேரும்? அவன் முதுகு உடைந்திருந்தால் இந்தக் கதையை யார் எந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்? பலித்த பொய்கள்தான் பாடமாகின்றன.

நிஜமான அலெக்ஸேயெவின் வழி இவ்வளவு நாடகபூர்வமானதல்ல. அதனாலேயே யாருக்கும் பிடிக்காமல் போகிறது போலும். 1970க்கும் 1977க்கும் இடையில் 80 உலக சாதனைகள். பெரும்பாலும் முந்தைய எண்ணுக்கு மேல் கொஞ்சமாக, சில சமயம் அரைக் கிலோ. ஒவ்வொரு தடவையும் எண் அவருக்குத் தெரியும். அவரே கேட்டு வாங்கியது. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 255 கிலோ வரை போனார். சுவரை அவர் இடித்ததாகத் தோன்றவில்லை. தோளால் முட்டி, கொஞ்சம் நகர்த்தி, அங்கேயே குடியிருந்து, மறுபடி நகர்த்தியிருக்கிறார்.

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக். ஸ்நாட்ச் முறையில் 180 கிலோ கேட்டார். மான்ட்ரியலில் 185 தூக்கியவர். 180இல் எந்தச் சுவரும் இல்லை. எண்ணில் ஒளிந்த பூதமும் இல்லை. மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் முடியவில்லை. போட்டியில் அவருக்குக் கணக்கே இல்லாமல் போயிற்று. அன்று யாராவது அவரிடம் 170 என்று பொய் சொல்லியிருந்தாலும் பாரில் இருந்தது 180தான்.