செய்வதா, சேர்ப்பதா?

நடிகை பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1988இல் நியூயார்க் ஏலமொன்றில் சாப்பாட்டறை அலமாரி ஒன்றை 3,63,000 டாலருக்கு எடுத்தார். ஓக் மரம்; பூவேலை, கொடிவேலை எதுவும் கிடையாது. அமெரிக்க மரச்சாமான் தயாரிப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி சிராக்யூஸ் நகரத்தில் தம் வீட்டுக்கென்று செய்துகொண்டது. சாதாரணக் குடும்பங்களுக்கும் நல்ல மரச்சாமான் வேண்டும் என்று எழுதி வந்தவர் அவர். அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

இந்த முரண் இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1861இல் கம்பெனி தொடங்கியபோதே கூடப் பிறந்தது. நியாயமான கூலி, நிதானமான வேலை, நல்ல மரம் மூன்றும் கொடுத்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? கடைசியில் வாங்குகிறவர் பணக்காரர்தான். மாரிஸ் இதை நினைத்துப் புழுங்கினார். ஸ்டிக்லி காரியக்காரர். அறுப்பு, இழைப்பு போன்ற முதுகொடிக்கும் வேலைகளை இயந்திரத்திடம் விட்டார். 1901இல் தொடங்கிய 'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழில் மேசை, நாற்காலிகளின் வரைபடங்களை அளவோடு வெளியிட்டு, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றார். கடை வைத்திருப்பவர் செய்கிற காரியமா இது! 1915இல் அவர் திவாலானதற்குக் காரணம் இதுவல்ல. மன்ஹாட்டனில் 12 மாடிக் கட்டடம் பிடித்து அகலக்கால் வைத்ததும், ஊர் ரசனை மாறியதும்தான்.

நான் அந்த வரைபட வழிக்காரன். சேர்க்கிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன். இந்த வகைக் கைவினைப் பொருள்களுக்காக 1972இல் பிரின்ஸ்டனில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு அவர்கள் தேடித் தேடி வாங்கியிராவிட்டால் பல நாற்காலிகள் விறகாகியிருக்கும். ஆனால் நாற்காலியைக் கண்டதும் கவிழ்த்து முத்திரை தேடுகிற பழக்கம் எனக்கு வரவில்லை. உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்கு அப்புறம்தான்.

செய்கிறவனுக்குக் கிடைப்பது வேறு. ஓக் மரத்தை நடுவிலிருந்து ஆரப்போக்கில் அறுத்தால் பலகையில் புலிவரி போல வெள்ளிக் கீற்றுகள் எழும். பலகையும் எளிதில் கோணாது. அதைக் கறுக்க வைக்கச் சாயம் வேண்டாம். சாமானைக் காற்றுப்புகாத கூடாரத்துக்குள் வைத்து, தட்டில் கடுமையான அம்மோனியாவை ஊற்றி மூடிவிட வேண்டும். மரத்திலுள்ள டானினோடு அந்த ஆவி சேர்ந்து பழுப்பேற்றும். மறுநாள் முகமூடி இல்லாமல் கிட்டே போகக் கூடாது. வைரம் பாய்ந்த பாகம் கறுத்திருக்கும். வெளிமரம் வெளிறியே நிற்கும். பலகை பொறுக்கியதில் காட்டிய அவசரம் எல்லாம் அப்போது அம்பலமாகும்.

உழைப்பில் மகிழ்ச்சி வேண்டும் என்றார் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின். சம்பளத்துக்குச் செய்யாத எனக்கு அது சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. வயிற்றுப்பாட்டுக்காக நாள் முழுக்கக் கழுந்து வெட்டுகிறவருக்கு? ஆங்கில வடிவமைப்பாளர் ஆஷ்பி 1902இல் தம் கைவினைக் கில்டுத் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு லண்டனிலிருந்து சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய் இதைத்தான் சோதித்தார். சில ஆண்டுகளில் கில்டு நொடித்துப்போனது. ஆனால் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை; சொந்தப் பட்டறை வைத்துக்கொண்டார்கள். கில்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஹார்ட்டின் வெள்ளிப் பட்டறையை அவர் வாரிசுகள் இன்றும் அதே பழைய பட்டு ஆலையில் நடத்துகிறார்கள். கூலி வேலையிலும் அந்த மகிழ்ச்சி வாய்க்கும் என்பதற்கு என் கையில் இருக்கிற சாட்சி அது ஒன்றுதான்.