58 டிகிரியில் மக்கும் பை

'நூறு சதவீதம் மக்கும்' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட கேரி பேக் இப்போது காய்கறிக் கடைவரை வந்துவிட்டது. அதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்பதைத்தான் அது சொல்வதில்லை.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். எதிலிருந்து செய்தார்கள் என்பது வேறு, மக்குமா என்பது வேறு. பிரேசிலில் கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலீன் தயாரிக்கிறார்கள். பிறந்தது பயிரில்தான், ஆனாலும் மக்காது. பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, அது மக்கும். பூர்வீகம் அறிய கார்பன்-14 சோதனை போதும். அண்மையில் விளைந்த பயிரில் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த எண்ணெயில் மிச்சமே இராது.

மக்குவதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. ஐஎஸ்ஓ 14855 முறையில், முதிர்ந்த கம்போஸ்ட் உரத்தைக் கலன்களில் நிரப்புகிறார்கள். சிலவற்றில் பிளாஸ்டிக், சிலவற்றில் செல்லுலோஸ் பொடி, சிலவற்றில் வெறும் உரம். எல்லாம் 58 டிகிரி செல்சியஸில் இருக்கும். கரியமில வாயு நீக்கிய காற்றை உள்ளே செலுத்தி, வெளியே வரும் கரியமில வாயுவை அளக்கிறார்கள். வெறும் உரமும் மூச்சுவிடும் என்பதால் அந்தக் கணக்கைக் கழித்துவிடுகிறார்கள். செல்லுலோஸ் 45 நாளில் 70 சதவீதமாவது மக்காவிட்டால் கோளாறு உரத்தில், சோதனையே செல்லாது. இப்படி ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் இஎன் 13432 தரம். நூறு ஏன் கேட்பதில்லை? கார்பனில் ஒரு பங்கு நுண்ணுயிர்களின் உடம்பிலேயே சேர்ந்துவிடுகிறது.

வாயுவை அளப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்ந்தால் அது மக்கியதாகாது. 'ஆக்ஸோ' ரகப் பைகள் அப்படி உதிர்ந்துதான் பேர் வாங்கின; 2021 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்தது. உதிர்வதற்கும் தனிச் சோதனை உண்டு: 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. அந்த உரத்தில் விதை ஒழுங்காக முளைக்கிறதா, கன உலோகம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அந்த 58 டிகிரியைத்தான் கவனிக்க வேண்டும். பெரிய உரக்கிடங்கின் குவியல் தானே அந்தச் சூட்டை எட்டும். மாடித் தோட்டத்துத் தொட்டி எட்டாது. பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதுதான் இளகும். அதற்குக் கீழே அதன் மூலக்கூறுகள் இறுகிக் கிடப்பதால் சிதைவு மிக மெதுவாகவே நடக்கும். வீட்டு உரத்துக்குத் தனிச் சான்று இருப்பது இதனால்தான்: 20 முதல் 30 டிகிரி, ஒரு வருட அவகாசம்.

பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு, இடம் மாறினால் பையின் கதியும் மாறும் என்பதற்கு நல்ல சான்று. கம்போஸ்ட் ஆகும் என்று விற்ற பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. மக்கும் என்று விற்ற இன்னொரு பையோ, மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டுக்கு மேல் கிடந்தபிறகும் கடைச் சாமானைத் தாங்கியது.

இந்தியாவில் 2016 விதிகளின்படி, கம்போஸ்ட் ஆகும் பை ஐஎஸ்ஓ 17088 தரத்தை எட்டி, விற்குமுன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும். இந்தத் தரமும் உரக்கிடங்கின் சூட்டை வைத்து எழுதப்பட்டதுதான். குளத்தில் மிதக்கும் பையைப் பற்றி அதில் பேச்சில்லை.