பட்டு நூலும் பட்ட கடனும்

"சொந்தச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு நாட்டின் பொருளாதாரம் பேசாதே" என்று இளைஞருக்குப் புத்தி புகட்டுகின்றனர் பெரிய மனிதர்கள். வேறு எதைத் தடவிப் பார்ப்பது என்று கேட்கிறோம் நாம். ஆலை முதலாளி வரிச் சலுகை கேட்கும்போது அவர் தடவிப் பார்த்தது எதை? அவர் பேசினால் அது பொருளாதாரத் தத்துவம். தறிக்காரர் மகன் பேசினால் தன்னலம், ஆத்திரம், அனுபவமின்மை!

ஆரணிப் பட்டு வட்டாரத்து வெம்பாக்கத்தைப் பாருங்கள். குழித்தறியிலே அமர்ந்து, பாவிலும் ஊடையிலும் கண்ணொளியைக் கரைத்து, எவர் வீட்டு மணப்பெண்ணுக்கோ பட்டு நெய்கிறது ஒரு குடும்பம். முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ தீர்ந்தபாடில்லை. 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருவாய் 5,000 ரூபாயை எட்டவில்லை என்று கூறிற்று. தந்தை இதனைத் தலையெழுத்து என்றார். பட்டம் பெற்ற மகன், "எழுதியவன் எவன்?" என்கிறான். அவனுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தது கடன்! அதிலே வெட்கப்பட ஏதுமில்லை. 1953-இல் கழகத்தார் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றனரே, அந்தக் கிளர்ச்சி பிறந்ததும் நெசவாளர் வயிற்றிலேதான், ஏட்டிலே அல்ல.

ஆனால், தோழர்களே, வயிறு கேள்வியைத்தான் எழுப்பும். விடை அதற்குத் தெரியாது. கச்சாப் பட்டின் மீதான இறக்குமதித் தீர்வையை எடுத்துக்கொள்வோம். 2011-இல் டில்லி சர்க்கார் அதனை 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. 2021-இல் 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்த்தியது. தீர்வை ஏறினால் நூல் விலை ஏறும், முதலாளி கூலியிலே கைவைப்பார். ஆகவே "தீர்வையை ஒழி" என்கிறான் வெம்பாக்கத்து இளைஞன். தருமபுரியிலே மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் உழவர் மகனோ, சீனப்பட்டு மலிந்தால் தன் கூட்டை வாங்க ஆளேது என்று கலங்கி, "தீர்வையை உயர்த்து" என்கிறான். இருவர் வீட்டு அடுப்பும் அணைந்துதான் கிடக்கிறது. இருவரில் எவனும் பொய் சொல்லவில்லை. ஒருவன் பசியை மற்றவன் பசியோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது ஆளுவோர்க்கு எளிது. (சாதியோடு சாதியை மோதவிட்ட பழைய வித்தைதான்!)

எவன் வந்தாலும் தறி தறிதான் என்று சோர்ந்து போனவர்களும் உண்டு. 2015-இல் ஆகஸ்ட் 7-ஐத் தேசியக் கைத்தறி நாளாக அறிவித்தவர்களே, 2020 ஜூலை 27-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தனர். சோர்வு வராமல் என்ன செய்யும்? எனினும் அந்தச் சோர்வு, தலையெழுத்து என்ற சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்ட கதைதான். 2023-இல் தமிழக அரசு கைத்தறியாளர்க்கு இலவச மின்சாரத்தை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்திற்றே, அதை எழுதியது பிரம்மனா? அரசாணை!

வெம்பாக்கத்தானும் தருமபுரியானும் ஒரே திண்ணையில் அமரட்டும். ஒரு கிலோ கூட்டுக்கு உழவன் பெற்றது என்ன, ஒரு சேலைக்கு நெய்தவன் பெற்ற கூலி என்ன, அதே சேலைக்குக் கடையிலே ஒட்டிய விலைச்சீட்டு என்ன, இடையிலே நின்ற பணம் எவர் பெட்டியிலே விழுந்தது என்று ஒரே தாளில் எழுதி, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் நீட்டட்டும்.